எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும்! புத்தூர் வெயிலும் ஒரு தெர்மல் கேஸ்கெட்டும்

"அக்கா, நீ இதைப் பத்தி ஒரு தடவை எழுதேன். அப்பா அதைப் படிச்சாவது சம்மதிப்பாரு!"

திருச்சி புத்தூரில் சித்தி வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, ஃபேன் காற்றே சுடுகிற நேரத்தில் சித்தி மகன் தன் போனை என்னிடம் நீட்டினான். அதில் ஒரு கறுப்புத் தகட்டின் படம். நான்கு பெரிய ஓட்டைகள், சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட் ஓட்டைகள். 'தெர்மல் கேஸ்கெட்' என்று பெயர். அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் காருக்கானது. எந்த கார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வான் என்பதால் பெயர் வேண்டாம்.

விலை, வரி, மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்தால் அவன் சம்பளத்தில் பாதி போய்விடும். ஜூன் மாதம் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தானே கட்டுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறான். சித்தப்பாவின் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. "ஒரு பேக்கிங்குக்கா இவ்வளவு காசு? கடையில ஷீட் வாங்கி வெட்டினா வேலை முடிஞ்சுது!"

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் அந்த காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் கனவு. "வெயில்ல எஞ்சின் சோர்ந்து போகுதுக்கா. இதைப் போட்டா சரியாகிடும்" என்கிறான். இருவரில் யார் சொல்வது சரி? இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

நுரை நிறைந்த டம்ளர்

எஞ்சின் பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்கிறோம். அது அதைவிட அதிகமாகக் குடிப்பது காற்றை. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எடை ஒன்றாக இருந்தாலும், காற்று சூடாக ஆக விரிந்துகொண்டே போகும். சிலிண்டரின் அளவோ மாறாது. அதனால் சூடான காற்றை இழுக்கும்போது சிலிண்டர் நிறைந்ததுபோலத் தெரியும், உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். நுரை ததும்பும் காபி டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு நிறைந்த டம்ளர்தான். காபி முக்கால்தான்.

கணக்கு எளிது. செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும். 25 டிகிரி என்பது 298. கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது 313. இந்த இரண்டுக்கும் இடையில் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவிகிதம் குறைகிறது. அந்தக் காற்று பானட்டுக்குள் புகுந்து, சூடான குழாய்கள் வழியாகப் போய் 60 டிகிரி ஆகிவிட்டால், அதாவது 333 ஆனால், மேலும் 6 சதவிகிதம் போய்விடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் கலவை சரியான நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். 'டக் டக்' என்று உலோகத்தைத் தட்டுவது போன்ற அந்தச் சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். இன்றைய கார்களின் கம்ப்யூட்டர் இதை உணர்ந்து, ஸ்பார்க் விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து எஞ்சினைக் காப்பாற்றும். காப்பாற்றுகிறபோது இழுவை குறையும். தம்பி சொல்லும் 'சோர்வு' பொய்யில்லை. எஞ்சினுக்கு உண்மையிலேயே மூச்சு வாங்குகிறது.

குக்கர் கைப்பிடி சொல்லும் பாடம்

அந்தக் கறுப்புத் தகடு என்ன செய்கிறது? அடுப்படிக்குப் போனால் புரியும். குக்கரின் உடம்பு அலுமினியம், தொட்டால் சுட்டுவிடும். அதன் கறுப்புக் கைப்பிடியைப் பிடித்துத்தான் அம்மா இறக்கி வைக்கிறார். அந்தக் கைப்பிடி பேக்கலைட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907-ல் கண்டுபிடித்த பிளாஸ்டிக். அந்த வகைப் பொருளோடு ஒப்பிட்டால், அலுமினியம் சில நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

காரில் சிலிண்டர் ஹெட் என்பது அடுப்பு. அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் இன்டேக் மேனிஃபோல்ட் என்ற குழாய்த் தொகுப்பு வழியாகத்தான் காற்று உள்ளே போகும். இரண்டும் அலுமினியமாக இருந்து, நடுவில் காகிதம்போல மெல்லிய பேக்கிங் மட்டும் இருந்தால், ஹெட்டின் சூடு மேனிஃபோல்டுக்கு ஏறிவிடும். அங்கே சில மில்லிமீட்டர் தடிமனில் பேக்கலைட் வகைத் தகட்டை வைத்தால், குக்கருக்குக் கைப்பிடி போட்டதுபோல ஆகும்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. கடையில் வெட்டித் தரும் பேக்கிங் ஷீட் கசிவை மட்டும் அடைக்கும். இது கசிவையும் அடைத்து, சூட்டையும் தடுக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை செய்வதில்லை.

ஆனால், குக்கரிடம் இன்னொரு பாடமும் உண்டு. கைப்பிடி சுடாது, அதை மாட்டியிருக்கும் ஸ்க்ரூவில் விரல் பட்டால் சுடும். மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் இரும்பு போல்ட்களும் அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. அவை வழியாகக் கொஞ்சம் சூடு ஏறத்தான் செய்யும். பானட்டுக்குள் சுற்றும் அனல் காற்றும் மேனிஃபோல்டை வெளியிலிருந்து சுட வைக்கும். இந்தத் தகடு சூட்டைத் தாமதப்படுத்தும், முழுசாக நிறுத்தாது.

அம்பாசடருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறவு

இதையெல்லாம் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். இல்லை. பழைய பைக் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பாருங்கள். பலவற்றில் ஒரு தடித்த கறுப்பு வளையம் இருக்கும். மெக்கானிக்குகள் அதை 'இன்சுலேட்டர்' என்பார்கள். அதே வேலை, அதே வகைப் பொருள்.

கார்களிலும் பழைய கதைதான். நம் அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதில் பல ஆண்டுகள் இருந்த 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் 'பி சீரிஸ்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பம், அதே 1,489 சிசி. அதற்கு அடுத்து 1962-ல் வந்த எம்ஜிபி-யில் அதையே 1,798 சிசி-யாகப் பெரிதாக்கினார்கள். நம்மூர் கல்யாண கார் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரியப்பா மகன்!

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே போகும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கும். கொதிக்கும் புகைக் குழாய்க்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர். குளிர்நாட்டில் இது ஒரு வகையில் உதவி. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலும் குளிரும் என்பதால், ஈரமான குளிர்க்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். அதைத் தவிர்க்கச் சூடு வேண்டும். ஆனால் வேகமாக ஓட்டவே செய்த எம்ஜிபி-யில், கார்புரேட்டரை ஒட்டி இன்சுலேட்டர் கட்டைகளையும் ஒரு தகரத் தடுப்பையும் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பினார்கள். இங்கிலாந்தின் குளிருக்கே அது தேவைப்பட்டது என்றால், புத்தூர் நால்ரோட்டை யோசித்துப் பாருங்கள்.

தாத்தாவின் அஞ்சு நிமிடக் கணக்கு

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு ஈஸி சேரில் கண்ணை மூடியிருந்த தாத்தா மெல்ல வாயைத் திறந்தார். அவர் அந்தக் காலத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். புத்தூர் பெரியாஸ்பத்திரிப் பக்கம்தான் அவருக்கு ஸ்டாண்ட்.

"வெயில் காலத்துல வண்டிய நிறுத்துனா, ஒண்ணு உடனே எடுக்கணும். இல்ல, அரை மணி கழிச்சு எடுக்கணும். நடுவுல சாவியப் போட்டா கழுத்தறுக்கும்."

எப்படித் தெரியும் தாத்தா?

"ஒரு மே மாசம். சவாரிய இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு அம்மா குழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. தஞ்சாவூர் போகணுமாம். சாவியத் திருப்புறேன், சுத்துது, பிடிக்கல. ஈரத்துணிய எடுத்து பெட்ரோல் பம்ப் மேல போட்டு விசிறுறேன். அதுக்குள்ள பக்கத்து வண்டிக்காரன் ஏத்திக்கிட்டுப் போயிட்டான். சவாரி போனது போகட்டும்மா. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அது இன்னும் கண்ணுல நிக்குது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தாத்தா சொன்ன கணக்குக்குப் பின்னால் சுத்தமான அறிவியல் இருக்கிறது. வண்டி ஓடும்போது தண்ணீர் பம்பும் ஃபேனும் எதிர்க்காற்றும் சூட்டைக் கொண்டுபோகின்றன. அணைத்த மறுநொடி இவை நின்றுவிடும். எஞ்சினுக்குள் தேங்கிய சூடு போக வழியில்லாமல் மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். அதனால் அணைத்த பிறகுதான் அந்தப் பாகங்கள் இன்னும் சூடாகும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும். குழாய்க்குள் ஆவிக் குமிழ் அடைத்துக்கொண்டால், திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப் என்ன செய்யும்? இதுதான் 'வேப்பர் லாக்'. அரை மணி நேரத்தில் சூடு ஆறிக் குமிழ் கரைந்துவிடும். ஈரத்துணி அதைச் சீக்கிரம் செய்யும்.

இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து, அதிக அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அதனால் வேப்பர் லாக் அரிது. ஆனால் அணைத்த பின் மேனிஃபோல்டுக்குச் சூடு ஏறுவது மட்டும் அப்படியே தொடர்கிறது.

ஒரு செலவில்லாத சோதனை

தம்பியிடம் காரின் கம்ப்யூட்டரோடு ப்ளூடூத்தில் பேசும் குட்டி ஸ்கேனர் ஒன்று இருந்தது. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் சமாச்சாரம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அது போனில் காட்டும். மாலையில் இருவரும் கிளம்பினோம்.

நால்ரோடு நெரிசலில் நின்றபோது எண் ஏறிக்கொண்டே போனது. வயலூர் சாலையில் திரும்பி, கூட்டம் குறைந்து வேகம் பிடித்ததும் இறங்கியது. ஒரு கடை வாசலில் அணைத்துவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், முன்பைவிட உயரத்தில் நின்றது. தாத்தாவின் கணக்கு அப்படியே போன் திரையில்!

இதில்தான் இந்தக் கேஸ்கெட்டின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. 1,600 சிசி எஞ்சினை 6,000 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டினால், நொடிக்குக் கிட்டத்தட்ட 80 லிட்டர் காற்றை இழுக்கும். மேனிஃபோல்டின் கொள்ளளவு 4 லிட்டர் என்று வைத்தால், காற்று அதற்குள் தங்குவது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. கண் சிமிட்டுவதற்குள் கடந்துபோகிற காற்று அதிகம் சூடாக நேரமில்லை. ஆக, ரேஸ் டிராக்கில் முழு வேகத்தில் போகும்போது கேஸ்கெட்டின் பலன் குறைவு. சிக்னலில் நின்று கிளம்பும்போதும், அணைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போதும்தான் அதிகம். அப்போது காற்று மெதுவாகப் போகிறது, குழாயும் கொதிக்கிறது.

ஓட்டத்தில் 5 டிகிரி குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 333-ல் 5 என்பது ஒன்றரை சதவிகிதம். 100 குதிரைத்திறன் எஞ்சினில் அதிகபட்சம் ஒன்றரைக் குதிரை. "குதிரைக்குட்டிகூடக் கிடைக்காது போலயே" என்றான் தம்பி.

வெயில் எந்த வாசல் வழியாக வருகிறது?

மறுநாள் காலை புத்தூரிலேயே ஒரு மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குப் போனோம். பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நீ மாடிக்கு ஏசி போடக் கேக்குறே. கீழ கதவு தொறந்து கெடக்குது."

காரின் பழைய உரிமையாளர், கம்பெனி பொருத்தியிருந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தார். கர்ஜிக்கிற சத்தம் வரும், பார்க்கவும் ஜோர். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் ரேடியேட்டருக்குப் பின்னால். ரேடியேட்டர் துப்புகிற அனலைத்தான் எஞ்சின் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி பெட்டி இருந்தால், காரின் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்று ஒரு குழாய் வழியாக நேராக வந்திருக்கும்.

"அந்தப் பெட்டியத் தேடி மாட்டு. மறுபடி ஸ்கேனர்ல பாரு. அப்பவும் குறையலேன்னா கேஸ்கெட்டப் பத்திப் பேசலாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்:

* மேனிஃபோல்ட் கறுப்பு பிளாஸ்டிக்காக இருக்கிறதா? இப்போதைய பல கார்களில் அப்படித்தான். எடையும் குறைவு, சூடும் ஏறாது. உங்களுக்கு இந்தக் கேஸ்கெட்டால் பெரிய பலன் இல்லை.

* ஃபில்டர் பெட்டியும் அதன் குழாயும் முழுசாக இருக்கின்றனவா? உடைந்த மூடி, கழன்ற குழாய், காணாமல்போன ரப்பர் எல்லாமே அனலை உள்ளே விடும்.

* ரேடியேட்டர் ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா, கூலன்ட் அளவு சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

* புகைக் குழாய்மேல் கம்பெனி வைத்த தகரத் தடுப்பை, 'ஆடுது, சத்தம் வருது' என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். அதைத் திரும்ப மாட்டுங்கள்.

* அதன் பிறகும் கேஸ்கெட் வேண்டும் என்றால், உங்கள் எஞ்சின் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். தடிமன் கூடுவதால் போல்ட் நீளம் போதுமா, பெட்ரோல் குழாய் இழுபடுமா, பானட் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். மேனிஃபோல்ட் வழியாகக் கூலன்ட் ஓடும் எஞ்சின்களில் அந்த ஓட்டைகளும் சரியாகப் பொருந்த வேண்டும்.

* டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் அதிகமாக முடுக்கினால் தகடு விரியும். ஏர் லீக் ஆனால் ஐடிலிங் நிற்காது. பெட்ரோல் குறைந்த கலவையால் எஞ்சின் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். குளிர்விக்கப் போய்க் கொதிக்க வைத்த கதையாகிவிடும்.

கடைசியில் என்ன ஆச்சு?

பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் அந்தக் காருக்கான ஃபில்டர் பெட்டி குழாயோடு கிடைத்தது. கேஸ்கெட்டோடு ஒப்பிட்டால் செலவு ரொம்பக் குறைவு. மெக்கானிக் அண்ணன் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார். அதே நால்ரோடு, அதே வயலூர் சாலை, அதே ஜிகர்தண்டா. ஓடும்போது எண் முன்பைவிட நன்றாகவே கீழே நின்றது. நின்று எடுக்கும்போது மட்டும் இன்னமும் ஏறுகிறது. அந்த மிச்சத்துக்குத்தான் தெர்மல் கேஸ்கெட்.

தம்பி அதை மறக்கவில்லை. தீபாவளி போனஸுக்குத் தள்ளி வைத்திருக்கிறான். சித்தப்பாவும் 'அது வெறும் பேக்கிங் இல்லை' என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். தங்கையின் கட்டணப் பணம் பத்திரமாக இருக்கிறது.

நேற்று இரவு போனில் பேசும்போது தாத்தா கேட்டார். "ஏம்மா, அந்தக் கறுப்புத் தகடு அப்பவே கிடைச்சிருந்தா, அன்னிக்கு என் வண்டி பிடிச்சிருக்குமா?"

பெட்ரோல் பம்ப் சூட்டுக்கு அந்தத் தகடு நேரடி வைத்தியம் இல்லை. கார்புரேட்டர் சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். "அப்பச் சரி" என்றார். குரலில் ஏதோ ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது.